காரைக்குடியிலிருந்து காட்டுயிர் எழுத்தாளர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள். 'வனவிலங்கு' என்று தேடினால் புலி, யானைச் செய்திதான் கொட்டும். 'காட்டுயிர்' என்று போட்டால் ஓணான், தட்டான், சிலந்தி பற்றியெல்லாம் பொறுமையாக எழுதுகிறவர்கள் அகப்படுவார்கள்.

அப்புறம் உங்கள் ஊர்ப் பெயரோடு தேடுங்கள். எனக்குப் பலன் தந்தது, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் இருக்கும் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம்தான். 1977இல் அறிவிக்கப்பட்டது, பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. இந்த வெடிக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதோடு முடித்துக்கொள்பவரை விட்டுவிடலாம். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதையும், அது நத்தையை ஓட்டிலிருந்து உருவுவதையும் கரையில் உட்கார்ந்து பார்த்து, தேதி, நேரம், கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்று குறித்து எழுதுகிறாரா? அவரை விடாதீர்கள்.

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்டு (eBird) தளத்தில் ஒரு கண்மாயின் பறவைப் பட்டியல்களைத் திறந்தால் சிலர் எண்ணிக்கைக்குக் கீழே நாலு வரிக் குறிப்பும் போட்டிருப்பார்கள் (பெரும்பாலும் ஆங்கிலத்தில், போகட்டும்). அதே பெயரை வெளியே தேடிப் பாருங்கள், சில சமயம் கட்டுரைகளே சிக்கும். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனால் இப்படி எழுதுகிற ஓரிருவரை நேரிலேயே பார்த்துவிடலாம்.