கத்தரி இலையில் இருப்பது எந்தப் பொறிவண்டு?

புள்ளி போட்ட பொறிவண்டைக் கண்டாலே செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் நல்ல பூச்சி என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுத்தான் நான் ஒரு வரிசைக் கத்தரியை இழந்தேன். பொறிவண்டுகளில் இலை தின்கிற கூட்டமும் உண்டு. நம் தோட்டத்தில் அதிகம் கண்ணில் படுவது ஹெனோசெபிலாக்னா பேரினம், விவசாயிகள் வாயில் இன்னமும் எபிலாக்னா வண்டு.

முதலில் முதுகைப் பாருங்கள். அசுவினி தின்னும் வண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும், இதுவோ மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக, செங்கல் பொடி தூவினமாதிரி இருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பத்து மடங்கு லென்ஸிலேயே ரோமம் தெரியும். நல்ல பூச்சிகளிலும் ரோமம் உள்ளவை உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் 2, 3 மி.மீ. குட்டிகள், இது 5 முதல் 8 மி.மீ. வரை.

புள்ளியை எண்ணி ஏமாறாதீர்கள். இந்தப் பேரினத்தின் ஓர் இனத்துக்கு 1775இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் வைத்த விஜின்டிஆக்டோபங்க்டேட்டா என்ற பெயருக்கு 28 புள்ளி என்றுதான் அர்த்தம், ஆனால் அதே இனத்தில் 12 புள்ளியோடு திரிகிறவையும் ஏராளம், ஒருகாலத்தில் அவற்றைத் தனி இனமாகவே வைத்திருந்தார்கள்.

அப்புறம் இலையைத் திருப்புங்கள். முட்டையை நம்ப வேண்டாம், இரண்டு வகையுமே மஞ்சளாக, நிமிர்த்தி வைத்த அரிசிபோலக் கொத்தாகத்தான் இடும். புழுவில்தான் சந்தேகம் தீரும்: அசுவினி தின்னும் புழு முதலைக்குட்டி மாதிரி நீளமாக, கருப்பாக ஓடும், இது மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டும். சுரண்டின இடம் நரம்பு மட்டும் மிஞ்சி, வலை மாதிரி காய்ந்துபோகும்.

சரி, விவசாயிகள் எபிலாக்னா என்று சொன்னாலும், அதே பெயரில் தனியாக உள்ள எபிலாக்னா பேரினம் இது இல்லை என்று எப்படிச் சொல்வது? 1961இல் லீ, குக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹெனோசெபிலாக்னாவைத் தனியாகப் பிரித்தபோது பார்த்த முக்கியமான அடையாளம் அடிவயிற்றில் இருக்கிறது. பெண் வண்டின் கடைசி வயிற்றுத் தகடு நடுவில் நீளவாக்கில் பிளந்திருக்கும். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். இனத்தை உறுதி செய்ய ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும், பாகல் கொடியில் கிடைத்தால் இதே பேரினத்தின் செப்டிமா என்ற இனமோ என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

போட்டோ மட்டும் கையில் இருந்தால் 'ஹெனோசெபிலாக்னா, இனம் தெரியவில்லை' என்று எழுதி, எந்தச் செடி, எந்த ஊர், என்ன தேதி என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.