ரோகிணி, சிரியஸ்: இரண்டு விண்மீன்களை நாமே வகைப்படுத்திப் பார்ப்போம்

தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றிலிருந்து நமக்கு வந்து சேர்வது ஏறத்தாழ ஒளி மட்டுமே. அந்த ஒளியைக் கொண்டு விண்மீனின் தொலைவு, ஒளிர்வு, வெப்பநிலை, ஆரம், நிறை ஆகியவற்றை எந்த வரிசையில் கண்டறிகிறார்கள் என்பதை இரண்டு விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்று ஆரஞ்சு நிறமுள்ள ரோகிணி. மற்றொன்று இரவு வானிலேயே மிகப் பொலிவான சிரியஸ். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: தொலைவு

இதை முதலில் செய்யாவிட்டால் பின்வரும் எந்தக் கணக்கும் நிற்காது. பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள விண்மீன்களின் பின்னணியில் சற்றே இடம் மாறுவதுபோல் தோன்றும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். 1838-ல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர் இம்முறையில் ஒரு விண்மீனின் தொலைவை அளந்து வெளியிட்டார். தோன்றும் இடமாற்றக் கோணத்தைக் கோண விநாடிகளில் (ஒரு விநாடி என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) எழுதி, 1-ஐ அதனால் வகுத்தால் தொலைவு பார்செக்கில் கிடைக்கும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டுகளுக்குச் சமம்.

ரோகிணியின் கோணம் ஏறத்தாழ 0.05 விநாடி, எனவே அதன் தொலைவு 20 பார்செக். சிரியஸின் கோணம் 0.379 விநாடி, தொலைவு 2.64 பார்செக். ரோகிணி வானத்தில் ஹையடிஸ் என்ற விண்மீன் கொத்தின் நடுவே அமர்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும், அக்கொத்து சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ரோகிணியோ 65 ஒளியாண்டுகளில் நிற்கிறது. கண் காட்டும் அண்மையை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படி 2: உண்மையான ஒளிர்வு

பொலிவை அளக்கும் எண் தலைகீழானது: எண் குறையக் குறையப் பொலிவு கூடும். பண்டைய கிரேக்கர்கள் மிகப் பொலிவானவற்றை முதல் தரம் என்று அழைத்ததன் விளைவு இது; தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும். 5 எண்கள் வேறுபட்டால் பொலிவு 100 மடங்கு வேறுபடும். ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு.

நமக்குத் தெரியும் அளவில் சிரியஸின் எண் -1.46, ரோகிணியின் எண் 0.86. இரண்டையும் 10 பார்செக் தொலைவில் வைத்தால் எப்படி இருக்கும் என்பதே கேள்வி. ரோகிணியை 20-லிருந்து 10 பார்செக்குக்குக் கொண்டுவந்தால் தொலைவு பாதியாகி, பொலிவு 4 மடங்காகும். அதாவது எண் 1.5 குறைந்து -0.64 ஆகும். சிரியஸை 10 பார்செக்குக்குத் தள்ளினால் பொலிவு சுமார் 14 மடங்கு குறைந்து, எண் 1.4 ஆகும். வரிசை மாறிவிட்டது: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் ரோகிணி ஏறக்குறைய 7 மடங்கு ஒளிர்வு மிக்கது. அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்தால் அது 400 சூரியன்களுக்கும் மேல். சிரியஸ் 25 சூரியன்கள்.

படி 3: வெப்பநிலையும் எழுத்தும்

நீலம் கலந்த வெண்மை அதிக வெப்பத்தையும், சிவப்பு குறைந்த வெப்பத்தையும் காட்டும். சிரியஸின் மேற்பரப்பு சுமார் 9,900 கெல்வின், சூரியன் 5,772, ரோகிணி சுமார் 3,900. இதைத் துல்லியமாக அறிய, ஒளியை நிறமாலையாகப் பிரித்து அதன் குறுக்கே விழும் கருங்கோடுகளைப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் கோடுகளின் வலிமையை வைத்து முன்பே அகர வரிசையில் கொடுத்திருந்த எழுத்துகளை, ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் என்ற வானியலாளர் வெப்பநிலை வரிசையில் மாற்றி அடுக்கினார். வெப்பம் மிகுந்ததிலிருந்து தொடங்கும் அந்த வரிசைதான் இன்றும் வழங்கும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்.

மிக வெப்பமான விண்மீன்களிலும் மிகக் குளிர்ந்தவற்றிலும் ஹைட்ரஜன் கோடுகள் மங்கலாக இருப்பது ஏன் என்பதை இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகாவின் 1920-ஆம் ஆண்டுச் சமன்பாடு விளக்கியது. ஹைட்ரஜன் அங்கே குறைவாக இல்லை. அக்கோட்டைத் தோற்றுவிக்கும் நிலையில் உள்ள அணுக்கள்தாம் குறைவு. அந்தச் சமன்பாட்டைக் கொண்டே, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவை 1925-ல் வானியலாளர் சிசிலியா பேய்ன் எட்டினார்.

ஒவ்வோர் எழுத்தும் 0 முதல் 9 வரை பிரிக்கப்படும். சிரியஸ் ஏ1, ரோகிணி கே5, சூரியன் ஜி2.

படி 4: ஆரம்

ஒளிர்வு, ஆரத்தின் இருமடிக்கும் வெப்பநிலையின் நான்மடிக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். சிரியஸின் வெப்பநிலை சூரியனைப் போல் 1.7 மடங்கு, நான்மடி சுமார் 8.6. ஒளிர்வு 25-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.7 சூரிய ஆரம் கிடைக்கும். ரோகிணிக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 45 வரும். குளிர்ந்த மேற்பரப்பிலிருந்து அவ்வளவு ஒளி வரவேண்டுமானால் விண்மீன் மிகப் பெரியதாக இருந்தே தீர வேண்டும்.

ஆகவே எழுத்து மட்டும் போதாது. கண்ணுக்கே தெரியாத பர்னார்டு விண்மீனும் எம் வகை, திருவாதிரையும் எம் வகை. முன்னது சூரியனைவிடச் சிறியது, பின்னது பல நூறு மடங்கு பெரியது. இதற்காகவே 1943-ல் ஒளிர்வு வகுப்பு சேர்க்கப்பட்டது. மீப்பெரு விண்மீன்களுக்கு ஒன்று, பெருவிண்மீன்களுக்கு மூன்று, சூரியன் போன்றவற்றுக்கு ஐந்து என ரோமானிய எண்களில் எழுதுவர். சிரியஸ் ஏ1, ஐந்தாம் வகுப்பு. ரோகிணி கே5, மூன்றாம் வகுப்பு.

படி 5: நிறை

தனித்த விண்மீனின் நிறையை நேரடியாக அறிவது கடினம். துணை இருந்தால் எளிது. சிரியஸும் அதன் வெண்குறு விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) துணையும் சராசரியாக 20 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமி-சூரியன் தொலைவு) இடைவெளியில், 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைவெளியின் மும்மடியைச் சுற்றும் காலத்தின் இருமடியால் வகுத்தால் இரண்டின் மொத்த நிறை கிடைக்கும்: 20-இன் மும்மடியை 50-இன் இருமடியால் வகுத்தால் 3.2, துல்லியமான அளவுகளில் 3.1 சூரிய நிறை. பொது மையத்திலிருந்து இரண்டும் விலகியிருக்கும் தூரத்தைக் கொண்டு பிரித்தால் சிரியஸுக்கு 2, துணைக்கு 1.

படி 6: வரைபடத்தில் இடம்

கிடைமட்ட அச்சில் வெப்பநிலையையும் (இடப்பக்கம் வெப்பம் கூடும்) நிலைக்குத்து அச்சில் ஒளிர்வையும் குறித்தால், வானியலாளர்கள் ஹெர்ட்ஸ்பிரங்கும் ரஸலும் உருவாக்கிய வரைபடம் கிடைக்கும். மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் அதில் ஒரு சாய்ந்த பட்டையாக, முதன்மைத் தொடராக, அமைகின்றன. சிரியஸ் அப்பட்டையிலேயே உள்ளது. ரோகிணியோ மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து, வலப்பக்கம் மேலே விலகி நிற்கிறது. நிறை கூடினால் ஒளிர்வு விரைவாகக் கூடும் என்ற விதி பட்டையில் உள்ளவற்றுக்கே பொருந்தும். அதை ரோகிணிக்குப் போட்டால் ஒளிர்விலிருந்து 5 சூரிய நிறைக்கும் மேல் வரும். உண்மையில் அதன் நிறை சூரியனைவிடச் சற்றே அதிகம்.