ஓரா மீன்: முள் குத்தாமல் வெட்டுவதும் விந்தாய் போடுவதும்

மொரீஷியஸ் சந்தையில் கோர்தொனியே என்று கேட்டு வாங்குவது நம் ஓரா இனத்து மீன்தான். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். ஊசிக்குக் குறைவில்லை: முதுகில் 13, குதத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு இரண்டிலும் இரண்டிரண்டு, ஆக 24 முள். அத்தனையிலும் விஷம் உண்டு. மீன் செத்த பிறகும் குத்தினால் கடுக்கும்.

அதனால் கத்தியைத் தொடுமுன் கத்தரிக்கோல். தலையைத் தடித்த துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வால் பக்கமிருந்து தலையை நோக்கி முட்களை அடியோடு நறுக்குங்கள். முட்கள் பின்னால் சாய்ந்திருப்பதால் அந்தத் திசையில்தான் கத்தரி அடியில் நுழையும். நறுக்கியதைக் காகிதத்தில் சுருட்டி எறியுங்கள். தொட்டியில் கிடந்தால் பாத்திரம் தேய்ப்பவர் கையில் ஏறும்.

குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருங்கள். விஷம் புரதம் என்பதால் சூட்டில் வீரியம் இழக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மூச்சுத் திணறினாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது குடல். பாசி தின்னும் மீன், குடல் நீளம்; அது புளித்தால் வயிற்றுச் சதையில் நாற்றம் ஏறும். வாங்கிய கையோடு சுத்தம் செய்யுங்கள். கத்தி நுனியை ஆழமாக விடாமல் வயிற்றைக் கீறி, மொத்தமாக இழுத்தெடுங்கள். பித்தப்பை உடைந்தால் கசப்பு போகாது, அந்த இடத்தை வெட்டி எறிவதுதான் வழி. உட்சவ்வையும் உப்புப் போட்டுத் தேய்த்து எடுங்கள்.

விந்தாய் என்பது பொரித்த மீனைக் கடுகு, மஞ்சள், வினிகரில் ஊறவைக்கும் மொரீஷியஸ் பண்டம். அதற்கு ஒரு கிலோ மீன் துண்டுக்கு 3 மேசைக்கரண்டி கடுகு, 1 மேசைக்கரண்டி மஞ்சள்தூள், 10 பல் பூண்டு, 8 பச்சைமிளகாய், 15 சின்ன வெங்காயம், 100 மில்லி வினிகர். துண்டுகளில் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி, ஈரம் ஒற்றிப் பொரித்தெடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், தோலும் சட்டியில் ஒட்டும். கடுகைக் கொஞ்சம் வினிகர் விட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள். புது எண்ணெயில், சிறு தீயில் தட்டிய பூண்டு, கடுகு விழுது, மஞ்சள் என்று வதக்குங்கள். கடுகு கருகினால் எல்லாமே கசக்கும். மணம் எழுந்ததும் மீதி வினிகரை ஊற்றிவிடுங்கள். வெங்காயத்தையும் கீறிய மிளகாயையும் போட்டு இரண்டே நிமிடம், கடிக்கும்போது நறுக்கென்று இருக்கவேண்டும். மீனைப் போட்டு உடையாமல் புரட்டி இறக்குங்கள்.

நன்றாக ஆறிய பிறகே ஜாடியில் போட்டு மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்; சூட்டோடு மூடினால் ஆவி நீராகிச் சீக்கிரம் கெடும். மறுநாள்தான் புளிப்பு முள்வரை இறங்கியிருக்கும்.