பதக்கத்தை மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லாதீர்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பதினெட்டு வருடம் பகுதி நேர நிருபராக இருந்தேன். விபத்து, கோயில் கொடை, குடிதண்ணீர் மறியல் என்று ஓடியதற்கு நடுவே நான் ஆசைப்பட்டு எழுதியது ஒன்றுதான்: கைக்காசைப் போட்டு விளையாடுகிற உள்ளூர்க்காரர்களைப் பற்றி. அதில் ஒரு கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. புதிதாக வரும் தம்பிகள் 'எப்படி எழுதுறது அண்ணே?' என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சந்திப்பை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போனால் உங்களுக்குக் கலர் வாங்கிவரப் பையன் ஓடுவான். பீரோவிலிருந்து சான்றிதழ் ஃபைல் வரும். அவரும் மேடையில் பேசுவதுபோல 'விடாமுயற்சிதான் காரணம்' என்பார். அதை எழுதிக்கொண்டு வந்தால் நூறு பேருக்குப் பொருந்தும் கட்டுரைதான் கிடைக்கும். விடிகாலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போங்கள். முதல் அரை மணி நேரம் எதுவும் கேட்காதீர்கள்.

பரிசு வாங்கிய கட்டுரை அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவைப் பற்றியது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை, மூத்தோர் தடகளத்தில் குண்டு எறிதல். மஞ்சள் பையில்தான் குண்டைத் தூக்கிக்கொண்டு வருவார். சேலைக்கு மேல் மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை. குண்டை முந்தானையில் துடைத்துக் கழுத்தோடு அணைத்து வைத்து எறிந்தார். ஆறு மீட்டர் தள்ளி விழுந்தது. எடுத்துப்போட ஆளில்லை; தானே நடந்துபோய்க் குனிந்து எடுத்துவந்தார். மறுபடி எறிந்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். நாற்பது முறை எறிந்தார், நாற்பது முறையும் போய் எடுத்துவந்தார். என் கட்டுரை அந்த நடையில்தான் தொடங்கியது. பதக்கம் ஏழாவது பத்தியில் வந்தது.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் தாடைக்குக் கீழே கறுத்துக் காய்த்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தேன். "வேலை பாக்குற எடத்துல கழுத்து அழுக்குன்னு சொல்றாளுக. தேய்ச்சுப் பாத்தாச்சு, போகலை தம்பி" என்றார். தள்ளி நின்று பேசியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். ஷூ எங்கே வாங்கியது? போட்டிக்கு டிக்கெட் யார் எடுத்தது? அன்றைய கூலி போனதா? கடைசியாக எப்போது 'போதும், விட்டுவிடலாம்' என்று தோன்றியது? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. பேசாமல் காத்திருங்கள், நோட்டையும் மூடிவையுங்கள்.

அடுத்தது சரிபார்ப்பது. இதில் நம் ஆட்கள் ரொம்பச் சோம்பல், நான் உட்பட. மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்குகிறது. ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். வயது ஏற ஏறக் குண்டின் எடை குறையும்: பெண்களுக்கு 50 முதல் 74 வரை 3 கிலோ, 75க்கு மேல் 2 கிலோ. வயது, பிரிவு, எடை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டே பேர் எறிந்த போட்டியில் வெள்ளி என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும். அறுபது வயதுக்கு மேல் மைதானத்துக்கு வரவே ஆளில்லை என்பதும் செய்திதானே?

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை 'மாரத்தான்' என்று எழுதாதீர்கள். அது 42.195 கி.மீ. ஒருவர் பத்து கிலோமீட்டரை 27 நிமிடத்தில் ஓடுகிறேன் என்றால் வாயைப் பிளக்காதீர்கள். 2020இல் ஜோஷுவா செப்டேகே வைத்த உலக சாதனையே 26 நிமிடம் 11 விநாடி. பெரும்பாலும் அவர் பைக் மீட்டரில் அளந்திருப்பார், பொய் சொல்லியிருக்க மாட்டார். பொய்யும் உண்டு. 2023இல் ஒருவர் சக்கர நாற்காலி கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்றதாகச் சொல்லி, கோப்பையோடு முதலமைச்சரையே சந்தித்துவிட்டார். பொய் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 'சர்வதேசப் போட்டி' என்று யார் சொன்னாலும் நடத்தியது எந்த அமைப்பு, எத்தனை நாடுகள் வந்தன என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறாரா? இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

படம் எடுக்க ஓரமாக நில்லுங்கள். குண்டு விழுகிற பக்கம் நின்று 'இந்தப் பக்கம் பாத்து எறிங்கம்மா' என்று நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பயிற்சியாளர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

உதவி கேட்டு எழுதும்போது என்ன தேவை, எவ்வளவு என்று போடுங்கள். ஆனால் செல்போன் எண்ணைக் கட்டுரையில் போடாதீர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுடைய எண்ணை. ஒருமுறை ஒரு பெண்ணின் எண்ணை நான் போட்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை அந்த வீட்டில் போன் அடித்தது. மறுநாள் அவளுடைய அப்பா முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

'வறுமையை வென்ற', 'சாதனைச் சிகரம்' இதையெல்லாம் நீங்களே வெட்டிவிடுங்கள். நீங்கள் வெட்டினாலும் டெஸ்க்கில் செய்தியைத் திருத்துகிறவர்கள் தலைப்பாகச் சேர்ப்பார்கள் என்பது வேறு விஷயம். அந்த அம்மா கட்டுரையில் 'ஏழ்மை' என்று நானே இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். பேப்பர் வந்த அன்று அவர் மகள் போன் செய்தார். "எங்கம்மா வேலைக்குப் போறாங்க, சம்பளம் வாங்குறாங்க. நாங்க உங்ககிட்ட ஏழைன்னு சொன்னோமா சார்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. கூலி எவ்வளவு, குண்டு என்ன விலை என்று மட்டும் எழுதுகிறேன்.

பேப்பரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நானும் போனேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார் அந்த அம்மா. படித்தேன். குண்டை எடுக்க நடக்கிற பத்தி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாப்பது இல்ல தம்பி. நீ வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு எறிஞ்சிட்டேன்."

பரிசு வாங்கிய கட்டுரையில் இன்னும் நாற்பது என்றுதான் இருக்கிறது.