வெள்ளிக்கு என்ன நிறம்? கலர் பிக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவருக்காகக் கொலுசுப் படம் ஒன்றை டேப்லெட்டில் வரைந்து கொடுத்தேன். பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன கண்ணு, செம்புல பண்ணின மாதிரி இருக்குதே?"

இத்தனைக்கும் நான் நிறத்தை ஊகிக்கவே இல்லை. அவர் அனுப்பிய போட்டோவிலிருந்து ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவி) அப்படியே உறிஞ்சி எடுத்த நிறம் அது. தவறே அங்கேதான். போட்டோவில் கொலுசு சிவப்பு வெல்வெட் மேல் இருந்தது. வெள்ளி பளபளப்பான உலோகம், பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். நான் எடுத்ததில் பாதி வெல்வெட்டின் சிவப்பு. வெல்வெட் மேல் இருந்தவரை கண் அதை வெள்ளி என்றே எடுத்துக்கொண்டது. வெள்ளைப் பின்னணிக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்பதைச் சாயக்காரர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1824-ல் பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, அந்த நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் காரணம். தறி பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் வியப்பாக இருக்காது. வரையும் செயலியில் நிறம் தேர்ந்தெடுக்கும் கலர் பிக்கருக்குத்தான் இது தெரியாது. அது அந்தப் புள்ளியின் எண்ணை மட்டும் சொல்லும்.

ஆகவே, வெள்ளி நிறம், தங்க நிறம் என்று தனியாக ஒன்றைத் தேடாதீர்கள். கொலுசை மறுபடி வரைந்தபோது கிட்டத்தட்ட கறுப்பையும் கிட்டத்தட்ட வெள்ளையையும் கூர்மையான விளிம்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் சாம்பல் நிறம் இரண்டு மூன்று, பின்னணியிலிருந்து ஒரு சொட்டு. மாமா தலையாட்டினார்.

அப்புறம், அந்தப் புள்ளியே நம்பத் தகுந்ததா என்பது வேறு கதை. வாட்ஸப்பில் நாலு கை மாறி வந்த ஒரு காபித் தோட்டப் படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இலைக்குள் பச்சை, சாம்பல், பழுப்பு என்று புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இப்படி வரும் போட்டோக்கள் பொதுவாக ஜேபெக் (JPEG) கோப்புகள். ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தை விட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. அதனால் ஓரங்களில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கசியும். ஐட்ராப்பரை ஒரே பிக்சலில் விட்டால் சீட்டுக் குலுக்கல்தான். போட்டோஷாப்பில் மாதிரி அளவை 5×5 சராசரிக்கு மாற்றுங்கள். கிம்ப், கிரிட்டா செயலிகளிலும் மாதிரி எடுக்கும் ஆரத்தைக் கூட்டும் வசதி உண்டு. விளிம்பில் எடுக்காமல் பரப்பின் நடுவில் எடுங்கள்.

ஓபாசிட்டி குறைந்த, அதாவது அடியில் இருப்பது தெரியும்படி பூசும் பிரஷ்ஷில் வரைபவர்களுக்கு இன்னொரு பொறி. திரையில் தெரிவது அடித்தாளோடு கலந்த நிறம். அதை எடுத்து, அதே 40 சதவீத பிரஷ்ஷில் மறுபடி பூசினால் இன்னும் வெளிறும். நாலைந்து முறை எடுத்துப் பூசினால் படம் முழுக்கச் சலவைக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் தேர்ந்த நிறங்களைப் பேலட்டில் சேமித்து, அங்கிருந்து எடுப்பதே நல்லது.

நிழலுக்கு வருவோம். மாம்பழம் வரையும்போது மஞ்சளைத் தேர்ந்துவிட்டு, நிழலுக்காகப் பிக்கரில் நேராகக் கீழே இறங்குவது கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது. நானும் பல வருடம் செய்தேன். ஹியூ (நிற வட்டத்தில் நிறம் இருக்கும் இடம், டிகிரியில்) 50-ல் இருக்கும் மஞ்சளின் ஒளிர்வைப் பாதியாக்கினால் கிடைப்பது நிழல் இல்லை, பாசிப் பச்சை! பழம் அழுகிவிட்டது போல இருக்கும். இறங்கும்போதே ஹியூவை 35, 30 என்று ஆரஞ்சுப் பக்கம் திருப்புங்கள், பழத்துக்கு உயிர் வரும்.

பிக்கரில் ஒளிர்வு 100 என்று இருப்பதையும் நம்ப வேண்டாம். முழு மஞ்சளுக்கும் 100, முழு நீலத்துக்கும் 100. ஆனால் வெள்ளையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால் மஞ்சள் சுமார் 93, நீலம் வெறும் 7. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயர் (அடுக்கு) போட்டு, அதன் கலப்பு முறையைக் 'கலர்' என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகும். உண்மையான வெளிச்ச வேறுபாடு அப்போது தெரியும்.

இவ்வளவு திட்டினாலும், பிக்கர் சொல்வது சரியாகவும் நம் தலைக்குள் இருப்பது தவறாகவும் அமையும் இடமும் உண்டு. ஏற்காடு சாலையின் கொண்டை ஊசி வளைவில் நின்று தூரத்து மலைமுகட்டை வரையச் சொன்னால், மரம் பச்சை என்பதால் கை தானாகப் பச்சைக்குப் போகும். அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்து ஐட்ராப்பரை வைத்துப் பாருங்கள். செறிவு மிகக் குறைந்த சாம்பல் நீலம் வரும். நடுவில் இருக்கும் காற்று, வெளிச்சத்தைச் சிதறடித்துச் செய்கிற வேலை அது. இதற்கெல்லாம் பிக்கரைத் தாராளமாக நம்பலாம்.

ராத்திரி வரைபவர்கள் போனிலும் டேப்லெட்டிலும் நைட் லைட்டை அணைத்துவிட்டு நிறம் தேர்ந்தெடுங்கள். திரை மஞ்சளடித்திருக்கும்போது நீலத்தைக் கூட்டிவிட்டு, காலையில் பார்த்துத் தலையில் கை வைத்தவன் நான்.

அச்சுக்குப் போகும் படமென்றால், திரையில் கண்ணைப் பறிக்கும் நீலத்தையும் கிளிப்பச்சையையும் அச்சின் நாலு மை (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கொண்டு வராது. நீலம் ஊதாவாக இறங்கும். ஆயிரம் அட்டைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதையும் கடையின் டியூப்லைட்டில் பார்க்காமல், வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.