கண்ணுக்குள் சீழ் பிடித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள்

புரை ஆபரேஷன் முடிந்த நாலாவது நாள் ராத்திரி எங்கள் அப்பாயிக்குக் கண் வலி தாங்கவில்லை. கத்தி பட்ட கண் அப்படித்தான் இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன், கருவிழியின் அடியில் பிறை மாதிரி வெள்ளையாகத் தேங்கி நின்றது. சீழ். அந்த நேரத்திலேயே மன்னார்குடியிலிருந்து கார் பிடித்தோம்.

நேற்றைவிட இன்று பார்வை மங்கல், வலி, சிவப்பு, இமை வீக்கம் என்றால் கிளம்பிவிடுங்கள். வலியே இல்லாமலும் வரும், அதனால் மங்கலை நம்புங்கள். பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். கருவேல முள்ளோ கம்பியோ குத்திய கண்ணிலும் வரும், அறுப்பு நேரத்தில் நெல் பட்டுப் புண்ணாகி, கவனிக்காமல் விட்டு உள்ளே இறங்குவதும் உண்டு. குத்தியது கண்ணில் நின்றால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்தாமல் மேலே ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

ஆபரேஷன் செய்த இடத்துக்கு முதலில் போன் போடுங்கள். "ரெட்டினா டாக்டர் இப்போது இருக்கிறாரா, விட்ரெக்டமி செய்வீர்களா?" இந்த இரண்டுதான் கேள்வி. ரெட்டினா டாக்டர் என்றால் விழித்திரை டாக்டர், விட்ரெக்டமி என்றால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியை எடுக்கும் ஆபரேஷன். இல்லை என்றால் திருச்சியோ மதுரையோ, செய்கிற இடத்தைக் கேட்டு நேராகப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எல்லாம் கையில் இருக்கட்டும்.

அங்கே கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடிம் மருந்துகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள், ஏனென்றால் மாத்திரை உள்ளே போதுமான அளவு போய்ச் சேராது. காளான் கிருமி என்றால் மருந்து வேறு. புரை ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சீழில், வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்ற நிலைக்குப் போனவர்களுக்கு உடனே விட்ரெக்டமி செய்தால் நல்ல பலன் என்று 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கையசைப்பாவது தெரிந்தால் பெரும்பாலும் முதலில் ஊசிதான். விட்ரெக்டமியில் வெள்ளை விழியில் மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளை போட்டு, சீழ் கலந்த ஜெல்லியை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். பழைய பார்வை வருமா என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். அப்பாயி மூன்று வாரம் கழித்துத்தான் என் விரல்களை எண்ணினார்.

அப்புறம், எடுத்த ஜெல்லிக்குப் பதிலாக உள்ளே எண்ணெய் வைத்தார்களா, கேஸ் வைத்தார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேஸ் என்றால் சொன்னபடியே தலையை வைத்துப் படுக்க வேண்டும், அது கரையும் வரை விமானமும் கொடைக்கானல் மலையும் கூடாது.