லாக் செய்தி பாதியில் வெட்டுப்படுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவா நிரல் ஒன்று விழும்போது கக்கும் ஸ்டேக் டிரேஸை, அதாவது பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியலை, பார்த்திருப்பீர்கள். மேலே பொத்தாம்பொதுவாக ஒரு பிழை, கீழே ஐம்பது அறுபது வரி, உண்மைக் காரணம் கடைசி 'காஸ்டு பை' (இதனால் நேர்ந்தது) வரியில். இதை ஒரே செய்தியாகச் சேர்த்து, லாக் (பதிவு) செய்திகளை மைய சர்வருக்குக் கொண்டுசெல்லும் முறையான சிஸ்லாக்குக்கு அனுப்பினால், நீளம் மிஞ்சும்போது வெட்டுப்படுவது வால்தான். எது வேண்டுமோ அதுவே போய்விடும். அப்படி ஒரு பாதி டிரேஸை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன். சர்வரில் இருந்த கோப்பில் செய்தி முழுசாக இருந்தது. மைய லாக் சர்வருக்கு வந்த பிரதியில்தான் வால் இல்லை.

"சிஸ்லாக்கின் வரம்பு எவ்வளவு?" என்று ஒரே எண்ணைத் தேடுவதுதான் முதல் தவறு. 2001இல் வந்த ஆர்.எஃப்.சி. 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம், ஒரு பாக்கெட் 1,024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. 2009இல் வந்த 5424 அந்தக் கணக்கை மாற்றியது: பெறுபவர் 480 பைட் வரை கட்டாயம் ஏற்க வேண்டும், 2,048 வரை ஏற்பது நல்லது, அதற்கு மேல் அவரவர் விருப்பம். மென்பொருள்களோ தத்தம் எண்ணை வைத்திருக்கின்றன. சிஸ்லாக் செய்திகளைக் கையாளும் ஆர்சிஸ்லாக்கின் இயல்பு அளவு சுமார் 8 கிலோபைட், சிஸ்லாக்-என்ஜியுடையது 64. லினக்ஸின் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னல், நிரலின் திரை வெளியீட்டில் ஒரு வரி 48 கிலோபைட்டைத் தாண்டினால் அதைப் பல பதிவுகளாகப் பிரித்துவிடும். நிரல்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் 16 கிலோபைட்டிலேயே துண்டாக்கும். உங்கள் செய்தி இவற்றில் நான்கைந்தைக் கடந்து போகிறது என்றால், வழியில் எது மிகக் குறுகலோ அதுதான் உங்கள் வரம்பு.

அதனால் ஆர்சிஸ்லாக்கில் அளவைக் கூட்டும்போது அனுப்பும் பக்கம் மட்டும் கூட்டினால் போதாது, பெறும் பக்கமும் கூட்ட வேண்டும். அளவைக் குறிக்கும் வரி கான்ஃபிக் (அமைப்பு) கோப்பின் தொடக்கத்தில், செய்தியைப் பெறும் இன்புட் மாட்யூல்களுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

வெட்டுப்பட்ட செய்தி எதுவும் கண்ணில் படவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைப்பது இதைவிட மோசம். மிஞ்சிய செய்தியை வெட்டலாம், அல்லது முழுசாகவே தூக்கி எறியலாம் என்று 5424 அனுமதிக்கிறது. வந்து சேர்ந்ததா என்று உறுதி கேட்காத யூடிபி முறையில் பெரிய செய்தி ஐ.பி. அளவில் துண்டுகளாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் போச்சு, தடயமே இருக்காது. தரவைப் புலம் புலமாக அடைப்புக்குறிக்குள் எழுதும் ஜேசன் வடிவில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சங்கடம்: கடைசி அடைப்புக்குறி போனால் அது ஜேசனே இல்லை, தேடலில் எந்தப் புலத்திலும் சிக்காது.

அப்புறம், பைட்டை எழுத்து என்று எண்ணுவது. 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் தனிக் குறியீடு என்பதால் 7; அவற்றைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று 21. பயனர் பெயரோ முகவரியோ தமிழில் இருந்தால் 480 பைட்டில் 160 குறியீடுதான் அடங்கும், அதிலும் தலைப்புப் பகுதி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் நடுவே வெட்டு விழுந்தால் வரி செல்லாத யூடிஎஃப்-8 ஆகிவிடும். நிரலில் நீங்களே சுருக்குவதானால் பைட்டில் எண்ணி, முழு எழுத்தின் எல்லையில் நிறுத்துங்கள்.

விண்டோஸில் வேறு கதை. அதன் பதிவேடான ஈவென்ட் லாகில் ஒரு சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) வரம்பு 31,839 எழுத்து. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இதை மீறினால் வெட்டுவதில்லை, லாகில் எழுதும் ரைட்என்ட்ரி அழைப்பே எக்ஸெப்ஷன் (பிழை) வீசும். அது நடப்பது பெரும்பாலும் கேட்ச் பகுதிக்குள், அதாவது ஏற்கெனவே ஒரு பிழையைப் பதிவுசெய்யப் போன இடத்தில். புதிய பிழை பழையதை மூடிவிடும். 'ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன்' என்ற ஒன்றைத் துரத்திக்கொண்டு நாள்கணக்கில் அலைவோம், அசல் கோளாறு எங்கோ தரவுத்தளத்தில் இருக்கும். லாக் எழுதும் வரியைத் தனி டிரை-கேட்சில் வையுங்கள், எழுதும் முன் நீளத்தையும் பாருங்கள்.

எல்லா வரம்பையும் ஏற்றிக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் நம் கையில் இல்லாத கருவி ஒன்று எப்போதும் இருக்கும். மூலக் காரணத்தையும் கோரிக்கை எண்ணையும் செய்தியின் முதல் 200 பைட்டுக்குள் கொண்டுவாருங்கள். முழு டிரேஸும் கோரிக்கையின் முழு உடலும் தனிக் கோப்பில் இருக்கட்டும், லாகில் அதன் எண் போதும்.

சரி, சோதனை. சிஸ்லாக்குக்குச் செய்தி அனுப்பும் லினக்ஸின் லாகர் கட்டளையால் சோதிப்பவர்கள் அதற்கே 1 கிலோபைட் இயல்பு வரம்பு இருப்பதை மறந்து, குற்றத்தைச் சர்வர் மீது போடுகிறார்கள். அதன் சைஸ் விருப்பத்தில் அளவைக் கூட்டிக்கொண்டு 400, 1,500, 10,000, 70,000 பைட்டில் ஒவ்வொரு செய்தி அனுப்புங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'முடிந்தது' என்று எழுதுங்கள். மைய சர்வரில் அந்தச் சொல்லைத் தேடினால், எத்தனை கிடைக்கிறது என்பதிலிருந்து எந்த அளவில் பாதை அடைபடுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.